வலது கைக்கு வசப்படாத வட்டங்கள்

“அவங்ககிட்ட சொல்லிடு அண்ணா. இன்னைக்கு ஒரு நாளாவது என் வேலையில மூக்கை நுழைக்காம இருக்கச் சொல்லு.”

சின்னவள் இப்படிச் சொன்னபோது, அந்த ‘அவங்க’ அதே சாப்பாட்டு மேஜையின் மறுகோடியில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு பழத்தட்டும் ஓர் அண்ணனும்தான்.

அண்ணன் மனைவி பக்கம் திரும்பினான். “இன்னைக்கு நாள் நல்லபடியா போகணும்னு சொல்றா.”

“எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது,” என்றாள் அண்ணி. “சோதனைப் பிரிவுக்குத் தலைவின்னு என்னைப் போட்டிருக்கறதே மூக்கை நுழைக்கத்தான்னு அவகிட்ட சொல்லுங்க.”

அண்ணன் தங்கை பக்கம் திரும்பினான். “ஆல் த பெஸ்ட்ங்கறா.”

இந்தக் கூத்துக்கு அந்த வீடு பழகிப்போய்விட்டது. மணவாழ்க்கை முறிந்து சின்னவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த அன்று ஆரம்பித்தது. மேல்மாடி அறையில்தான் அண்ணி தன் சோதனை மேஜைகளைப் போட்டு வைத்திருந்தாள். அந்த அறை சின்னவளுக்குப் போனது. மேஜைகள் கார் நிறுத்தும் கொட்டகைக்குப் போயின. நாத்தனாரும் அண்ணியும் நேருக்கு நேர் பேசுவது அன்றோடு நின்றது. அதற்கப்புறம் உப்பு வேண்டுமென்றாலும் சரி, அண்ணன் நடத்தும் மென்பொருள் கம்பெனி விஷயமென்றாலும் சரி, எல்லாம் அண்ணன் வழியாகத்தான் போய் வந்தது. அவனும் சலிக்காமல் சுமந்தான்.

போன வாரம் அண்ணன் போட்ட குண்டு இன்றைக்கு வெடிக்கப் போகிறது. பெரிய கைபேசிக் கம்பெனி ஒன்று, தன்னுடைய புதுக் கைபேசியில் இணையத் தேடலுக்கு ஒரு புது முகம் வேண்டும் என்று இவர்களைக் கூப்பிட்டிருந்தது. வீட்டில் இரண்டு முகங்கள் தயாராக இருந்தன. ஒன்று, சின்னவள் உயிரைக் கொடுத்துச் செய்த வட்டங்கள். இன்னொன்று, அண்ணி தன் பங்குக்குச் செய்த பட்டியல். அவர்கள் எதை எடுக்கவில்லையோ அதைச் செய்தவள் அண்ணனின் கம்பெனியை விட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒரே உறையில் இரண்டு கத்திகளை வைத்துக்கொண்டு தன்னால் மல்லுக்கட்ட முடியாது என்று அண்ணன் சொல்லிவிட்டான்.

சின்னவளுக்கு அந்த வட்டங்களைத் தவிர வேறு என்ன இருக்கிறது? புருஷன் இல்லை, தனி வீடு இல்லை, சொல்லிக்கொள்ள ஒரு தோழிகூட இல்லை. காலையில் கண் விழித்தால் வட்டம், கண்ணை மூடினால் வட்டம். அதையும் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறாளே இந்த மகராசி என்று வயிறு எரிந்தது.

“நகர்ந்து உக்காரச் சொல்லு அண்ணா. அவங்க முழங்கை உன்னை இடிக்குது.”

இதுவும் தினசரிச் சண்டைதான். அப்பா, அண்ணன், தங்கை எல்லோருக்கும் இடது கைப் பழக்கம். மூன்று கரண்டிகளும் ஒரு பக்கமாகப் போய்வரும்போது, மருமகளாக வந்த அண்ணியின் வலது முழங்கை மட்டும் எதிரே வந்து முட்டும். ‘வாழ வந்த வீட்டுக்கு ஏத்த கை இல்லையே உனக்கு’ என்று கல்யாணமான புதிதில் மாமனார் கேலி செய்ததை அவள் மறக்கவில்லை. அதனால்தான் அவளுக்கு மேஜையின் கோடி.

அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “நகர்ந்துட்டேன்னு சொல்லுங்க. இதுக்கு மேல நகரணும்னா வாசலுக்குத்தான் போகணும்.”

*

கைபேசிக் கம்பெனியின் வரவேற்பறை சோபாவில் சின்னவள் கடைசியாக ஒரு தரம் எல்லாவற்றையும் சரிபார்த்தாள்.

நாம் கைபேசியில் எதையாவது தேடினால் என்ன வரும்? மளிகைச் சீட்டு மாதிரி ஒன்றன் கீழ் ஒன்றாக வரும். விரல் தேயத் தேயத் தள்ளிக்கொண்டே போகவேண்டும். சின்னவளின் கண்டுபிடிப்பில் சீட்டு கிடையாது. தேடிய விஷயம் திரை முழுக்க வட்டங்களாக மலரும். உருப்படியான தகவல் பெரிய வட்டம், உப்புச்சப்பில்லாதது சின்ன வட்டம். ஒன்றின் மேல் விரலை வைத்து அழுத்தினால் அதன் உறவுகளெல்லாம் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். வேண்டிய வட்டத்தைத் திரையின் இடது ஓரத்துக்கு இழுத்தால் அங்கேயே பத்திரமாகத் தங்கும். வேண்டாததை வலது ஓரத்துக்குத் தள்ளினால் தொலைந்துபோகும். அதோடு அதன் இனசனமும் சேர்ந்து மறையும்.

இடது கையில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் அவள் வட்டங்களை மேய்த்தாள். வா என்றால் வந்தன, போ என்றால் போயின. எதிர் சோபாவில் அண்ணி பட்டியல் ஏற்றிய இன்னொரு கைபேசியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டும் கைபேசிக் கம்பெனியே கொடுத்த சோதனைக் கைபேசிகள். இன்னும் சந்தைக்கு வராத மாடல். ஒப்பந்தத்தில் பெயர் கொடுத்த குடும்பத்தாரைத் தவிர, ஊழியர் உட்பட எந்த வெளியாள் கையும் படவே கூடாது என்பது நிபந்தனை. அதனால் வட்டங்களைக் குடும்பத்தைத் தாண்டி ஒருவரும் தொட்டதில்லை. கணினியில் அதை எழுதிக் கொடுத்தவன்கூடப் பெரியப்பா மகன்தான்.

“அண்ணா, கடைசிச் சோதனையில அவங்க ஏதாவது குறை சொன்னாங்களா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா,” என்றான் அண்ணன், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. “எல்லாம் சரியா இருக்குன்னா.”

அண்ணி துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தி ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

*

தேர்வு அதிகாரி அம்மாளுக்கு இவர்கள் தங்களுக்குள் வைத்திருந்த பெயர் கத்தரி. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் நறுக்கென்று வெட்டுவாள். கிராப்பு வெட்டிய நரைத்த தலை, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, சிரிக்கத் தெரியாத வாய்.

முதலில் பட்டியலை எடுத்தாள். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

“பிசகு ஒண்ணும் இல்லை. யார் கையில குடுத்தாலும் ஓடும். ஆனா இதைப் பாத்துட்டு யாரும் எங்க போனை வாங்க மாட்டாங்க.”

அண்ணியின் முகம் அசையவில்லை. சின்னவளுக்கு உள்ளே குளிர்ந்தது.

அடுத்து வட்டங்கள். கத்தரி கைபேசியை வலது கையில் வாங்கிக்கொண்டு ‘முழங்கால் வலி’ என்று தேடினாள். திரை பூத்தது. பயிற்சிகள் ஒரு பெரிய வட்டம், தைலங்கள் ஒன்று, அறுவை சிகிச்சை ஒன்று, வைத்தியர்கள் ஒன்று. அந்தச் சிரிக்கத் தெரியாத வாய் கொஞ்சம் கோணியது. அதுதான் அவளுடைய சிரிப்பாக இருக்க வேண்டும்.

“அட, அழகா இருக்கே!”

சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓரக்கண்ணால் அண்ணியைப் பார்த்தாள். அவளோ திரையைப் பார்க்காமல் கத்தரியின் கட்டைவிரலையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு வேண்டியது பயிற்சி,” என்று சொல்லியபடி கத்தரி அந்த வட்டத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

வட்டம் வலது ஓரத்தைத் தொட்டு மறைந்தது. கூடவே நடைப்பயிற்சி, நீச்சல், யோகா எல்லாம் மறைந்தன.

“எங்க போச்சு?”

“அது... நீங்க வேண்டாம்னு தள்ளிட்டீங்க மேடம்.”

“நான் எங்கம்மா தள்ளினேன்? கிட்ட இழுத்தேன்.”

மறுபடி இழுத்தாள். இந்தத் தடவை தைலங்கள் தொலைந்தன. அப்புறம் வைத்தியர்கள் தொலைந்தார்கள். எரிச்சலோடு அறுவை சிகிச்சையைத் தன்னிடமிருந்து விலக்கி அந்தப் பக்கம் தள்ளினாள். அது சமர்த்தாக இடது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு, பத்திரப்படுத்தியாகிவிட்டது என்று பளிச்சென்று மின்னியது. அதன் உறவுகளான மயக்க மருந்தும் ஆஸ்பத்திரிப் படுக்கையும் திரை முழுக்க ஊதிப் பெரிதாயின.

“நான் பயிற்சி கேக்கறேன். இது என்னை ஆபரேஷன் மேஜையில படுக்கப் போடுதே?”

“மேடம், வேண்டியதை இடது பக்கம் கொண்டு போகணும்.”

“இப்படியா?” கத்தரி கட்டைவிரலைத் திரையின் குறுக்கே எட்டி நீட்டினாள். பிடி நழுவி, கைபேசி மேஜையில் தொப்பென்று விழுந்தது. “என் விரல் என்ன ரப்பரா?”

சின்னவள் அவசரமாகக் கையை நீட்டினாள். “இருங்க மேடம், நான் செஞ்சு காட்டறேன்” என்று பறிக்காத குறையாகக் கைபேசியை எடுத்து, தேடி, இழுத்து, தள்ளிக் காட்டினாள். வட்டங்கள் வெண்ணெயாக வழுக்கின. ஆனால் கத்தரி திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு சின்னவளின் கையைப் பார்த்தாள்.

“உங்களுக்கு இடது கையா?”

“ஆமா.”

கத்தரியின் பார்வை அண்ணனிடம் போனது. அவன் குறிப்பெழுதிக்கொண்டிருந்த பேனாவை அவசரமாக இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினான்.

“இதைக் கணினியில எழுதினவருக்கு?”

“அவனுக்கும்... இடது கைதான்.”

அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது. கைபேசியை இடது உள்ளங்கையில் வைத்திருக்கிறவளுக்கு இடது ஓரம்தான் ‘தன் பக்கம்’. வேண்டியதைத் தன்னிடம் இழுத்துக்கொள்வாள், வேண்டாததை அந்தண்டை தள்ளுவாள். வலது உள்ளங்கையில் வைத்திருக்கிறவளுக்கோ எல்லாம் தலைகீழ். ஆசைப்பட்டு அருகில் இழுப்பது தொலையும், பிடிக்காமல் தள்ளுவது வந்து ஒட்டிக்கொள்ளும். ஊரில் பெரும்பாலானவர்களுக்கு வலது கைதான் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அவள் பிறந்து வளர்ந்த வீட்டில் எல்லாக் கரண்டியும் இடது பக்கம்தான் போனது. ஒரே ஒரு கை மட்டும்தான் மாறிப் போனது. அந்தக் கையின் மேல் அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே ஆகாது.

“வலது கைக்காரங்க ஒருத்தர்கூடவா இதைத் தொட்டுப் பாக்கலை?” என்று கேட்டாள் கத்தரி.

“நான் தொட்டேன்,” என்றாள் அண்ணி. “முதல் தடவையே இதைச் சொன்னேன்.”

“யார்கிட்ட சொன்னீங்க?”

கேட்டது கத்தரி இல்லை. சின்னவள். இத்தனை காலத்துக்கப்புறம் அண்ணியின் முகத்தை நேரே பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி அது. அண்ணிக்கே ஒரு நிமிஷம் தூக்கிவாரிப்போட்டது.

“உன்கிட்டதான் சொல்லியனுப்பினேன். உன் அண்ணன்கிட்ட.”

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் மும்முரமாகப் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தான். மூடி பேனாவிலேயேதான் இருந்தது.

கத்தரி எழுந்துகொண்டாள். குடும்ப விவகாரத்தை வேடிக்கை பார்க்க அவளுக்கு நேரமில்லை.

“நாளைக்கு மதியம் வாங்க. இதே ரெண்டு போன்ல காட்டுங்க. வட்டம் என் வலது கைக்கு வசப்பட்டா வட்டம். இல்லைன்னா பட்டியல். அதுக்கப்புறம் பேச்சு கிடையாது.”

*

காரில் அண்ணன் ஓட்ட, சின்னவள் முன்னால், அண்ணி பின்னால். இவ்வளவு நாளும் இந்த ஏற்பாடு அவனுக்கு வசதியாக இருந்தது. இன்றைக்கு அவன் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது.

சின்னவள் இருக்கையில் முழுசாகப் பின்னால் திரும்பினாள். “என்ன சொல்லியனுப்பினீங்க?”

“கிட்ட இழுத்தா தொலையுது, ஓரத்தை மாத்தணும்னு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் நீ சிரிச்சியாமே? ‘அவங்களுக்குக் கை பழகலை’ன்னு சொன்னியாமே?”

“நான் சொல்லவே இல்லை! குறையே இல்லைன்னு நீங்க சொன்னதாத்தான் என்கிட்ட வந்துச்சு.”

“சிக்னல், சிக்னல்,” என்றான் அண்ணன். முன்னால் பச்சை விளக்குதான் எரிந்தது.

“அண்ணா!”

“என்னம்மா பண்ணச் சொல்றே?” அவன் குரல் உடைந்தது. “ஓரத்தை மாத்தணும்னு ஆரம்பிச்சா நீ எல்லாத்தையும் மாத்துவே. தேதி தள்ளிப்போகும். நான் அந்த அம்மாகிட்ட தேதி குடுத்துட்டேன். முடிஞ்சப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்னு நெனச்சேன்.”

“நடுவுல என் பேரைக் கெடுத்தது எதுக்கு?” என்றாள் அண்ணி பின்னாலிருந்து.

“உன் பேரை எங்க கெடுத்தேன்?”

“அன்னைக்கு மேல் ரூமை அவ அடம்பிடிச்சுக் கேட்டான்னு என்கிட்ட சொன்னீங்களே, அது நெஜமா?”

சின்னவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். “நான் அடம் பிடிச்சேனா? அண்ணியே அந்த ரூமை எனக்குக் குடுக்கச் சொன்னாங்கன்னுல்ல நீ சொன்னே!”

இருவருக்கும் இப்போதுதான் விளங்கியது. எந்த நேரத்தில் எவள் எதிரே இல்லையோ, அவள் தலையில் பழியைப் போட்டுவிட்டு எதிரே இருக்கிறவளைச் சமாளிப்பது அண்ணனின் வழி. இருவரும் நேரில் பேசிக்கொள்ளாதவரை இது பிசிறில்லாமல் ஓடியது. அவன் கெட்டவன் இல்லை, கோழை. அந்த நிமிஷத்தில் சின்னவளுக்கு அவன் கெட்டவனாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கெட்டவனை வெறுப்பதாவது சுலபம்.

ஆனால் அண்ணி மேல் இருந்த கோபம் மட்டும் அடங்கின பாடில்லை.

“சரி, இவன்தான் சொல்லலை. உங்களுக்குத் தெரிஞ்சுதானே இருந்துச்சு? எல்லார் முன்னாலயும் நான் அசிங்கப்படுவேன்னு தெரிஞ்சும் வாயை மூடிட்டு வந்தீங்களே, இன்னைக்குக் காலையில ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“காலையில நீதான மூக்கை நுழைக்காதேன்னே.”

சின்னவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“மூணு தடவை சொல்லியனுப்பிட்டு நாலாவது தடவை உன் காலடியில வந்து நிக்கணுமா? நான் என்ன இந்த வீட்டுக்கு நேர்ந்து விட்ட ஆளா?”

“அந்தம்மா கையில வட்டம் தொலைஞ்சப்ப உள்ளுக்குள்ள உங்களுக்குச் சந்தோஷமா இருந்துச்சு. இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்.”

“இருந்துச்சு,” என்றாள் அண்ணி. “எதுக்குப் பொய் சொல்லணும்? ரொம்பவே இருந்துச்சு.”

*

அலுவலக வாசலில் இருவரையும் இறக்கிவிட்டு, “வண்டியை நிறுத்திட்டு வர்றேன்” என்றான் அண்ணன். பெண்கள் இருவரும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்கள். மின்தூக்கியில் ஆளுக்கு ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு ஏறினார்கள்.

சின்னவள் தன் இருக்கையில் விழுந்து, கணினியைத் திறந்து, பெரியப்பா மகனுக்குச் செய்தி அனுப்பினாள். ஓரங்களை மாற்றிப் போடுவது பெரிய வேலை இல்லை, சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். பிரச்சினை வேறே. கட்டைவிரல் நேர்கோட்டில் போகிற ஆசாமி கிடையாது, வளைந்துதான் போகும். எந்த வட்டம் எந்த இடத்தில் நின்றால் விரலுக்கு எட்டும், எவ்வளவு இழுத்தால் இழுத்ததாகக் கணக்கு என்பதையெல்லாம் தன் இடது விரலை வைத்து அவள் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருந்தாள். இப்போது அவ்வளவையும் ஒரு வலது கையை வைத்துத் திரும்பச் செதுக்க வேண்டும். தன் சொந்தக் கைபேசியை வலது கையில் பிடித்துப் பார்த்தாள். யாரோ ஒருத்தர் கையைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணி தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தாள்.

சின்னவள் எழுந்து போய் வழியில் நின்றாள். கேட்பதைவிடக் கிணற்றில் குதிக்கலாம் போலிருந்தது. கேட்டாள்.

“நாளைக்குள்ள எனக்கு ஒரு வலது கை வேணும்.”

“தெருவுல இறங்கு. பூராவும் வலது கைதான்.”

“வெளியாள் தொடக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.” அண்ணி பையை இறக்கவில்லை. “நாளைக்கு வட்டம் தோத்தா என் பட்டியல் ஜெயிக்கும். என் பட்டியல் தோத்தா நான் வீட்டுல உக்காரணும். என் கையை உனக்குக் குடுத்து என் தலையில நானே கல்லைப் போட்டுக்கணும்னு கேக்கறே. இல்லையா?”

“ஆமா.”

அந்த ‘ஆமா’வை அண்ணி எதிர்பார்க்கவில்லை. சுற்றி வளைப்பாள், அழுவாள், அண்ணனைக் கூப்பிடுவாள் என்று நினைத்திருந்தாள். பக்கத்து மேஜையில் சாய்ந்து நின்று நாத்தனாரை மேலும் கீழும் பார்த்தாள்.

“உன் வட்டம் நல்லாத்தான் இருக்கு,” என்றாள் கடைசியில், கசப்பு மருந்து குடிக்கிற முகத்தோடு. “என் பட்டியல் மாதிரி ஆயிரம் இருக்கு. அது எனக்குத் தெரியாதா? நீ நான் சொல்றதைக் காதுலயே போட்டுக்கலைன்னுதான் வீம்புக்கு அதைச் செஞ்சேன்.”

 அழுதால் தோற்றோம் என்று சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“கை தர்றேன். சும்மா இல்லை. மேல் ரூம் எனக்கு வேணும். நாளைக்கு ஜெயிச்சாலும் தோத்தாலும் நீ காலி பண்ணணும். நான் இங்க வேலையில இல்லாம போனாலும், என் மேஜையைப் போட்டு நானா ஏதாவது செய்ய எனக்கு ஒரு இடம் வேணும்.”

“நான் எங்க போறது?”

“கொட்டகைக்குப் போ. நான் போகலையா?”

சின்னவள் அந்த அறையை நினைத்துப் பார்த்தாள். முறிந்துபோன வாழ்க்கையிலிருந்து பெட்டியோடு வந்து அவள் கதவைச் சாத்திக்கொண்ட இடம். அதற்கப்புறம் உலகத்தில் தனக்கென்று இருந்த ஒரே கதவு. அது இன்னொருத்தியிடமிருந்து பிடுங்கித் தனக்குக் கொடுக்கப்பட்டது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்ததால் வலி குறைந்துவிடவில்லை.

“நீங்க வேணும்னே தப்பா சொல்லி என்னைத் தோக்கடிக்க மாட்டீங்கன்னு எப்படி நம்பறது?”

“நம்பாதே. பக்கத்துலயே உக்காந்து என் விரலைப் பாரு. விரலுக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

“சரி,” என்றாள் சின்னவள். “ரூமை எடுத்துக்குங்க.”

“இன்னொண்ணு. பேசிட்டோம்கறதுக்காக ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டோம்னு நெனச்சுடாதே. எனக்கு உன்னைப் பிடிக்காது.”

“எனக்கும்தான்.”

“நல்லது.” அண்ணி பையை இறக்கி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “போனை எடு.”

அப்போது இருவருடைய சொந்தக் கைபேசிகளும் அடுத்தடுத்துச் சிணுங்கின. இருவருக்குமே அண்ணனிடமிருந்துதான் செய்தி.

சின்னவள் தன்னுடையதைப் படித்தாள். ‘அண்ணி ரொம்ப வருத்தப்படுறா. உன்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னா. மனசுல வச்சுக்காதே.’

நிமிர்ந்தாள். அண்ணியும் தன் கைபேசியிலிருந்து அதே நேரத்தில் நிமிர்ந்தாள். இருவரும் திரைகளைத் திருப்பி ஒருவருக்கொருவர் காட்டினார்கள். அண்ணிக்கு வந்தது இது. ‘தங்கச்சி அழுதுட்டே இருக்கா. உன்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னா. பெரிய மனசு பண்ணு.’

அண்ணியின் முகம் சிவந்தது. அவனுக்குப் பதில் எழுதினாள். ‘ரெண்டு பேரும் ஒரே மேஜையிலதான் இருக்கோம். ரெண்டு செய்தியையும் படிச்சாச்சு. மேல வாங்க.’

எழுதியதைச் சின்னவளிடம் நீட்டினாள். “அனுப்பவா?”

“அனுப்புங்க.”

அனுப்பினாள். அவன் பார்த்துவிட்டதற்கு அடையாளமாகத் திரையில் குறி விழுந்தது. பதில் வரவில்லை. இருவரும் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மின்தூக்கி ஒரு முறை ஏறி வந்து யாரையோ இறக்கிவிட்டுப் போனது. வந்தவர் பக்கத்து அலுவலகத்து ஆள்.

“சரி, வர்றப்ப வரட்டும். நம்ம வேலையைப் பாப்போம்,” என்றாள் அண்ணி. “சோதனை போன் எங்க?”

“உங்ககிட்டதான இருக்கு?”

“என்கிட்ட எப்படி வரும்? அந்தம்மா ரூம்லருந்து கிளம்பறப்ப ரெண்டையும் அவர்தான பையில எடுத்துப் போட்டார்.”

சின்னவள் ஜன்னலுக்கு ஓடினாள். கீழே அண்ணனின் கார் அப்போதுதான் நிறுத்தத்திலிருந்து பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. ஜன்னலைத் தட்டிக் கத்தினாள். அவன் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். பார்த்ததை அவளும் பார்த்தாள். கார் திரும்பி, வாசலைத் தாண்டி, வேகமெடுத்துப் போய்விட்டது.